போபோடி: வெடிமருந்து ஆலையின் வாசலில் ஒரு தொழிலாளர் ஊர்

(புனே நகரின் போபோடியில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புனே என்றவுடன் பேஷ்வாக்களின் கோட்டையும், கல்லூரிகளும், அண்மைக்காலத்தில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களுமே வெளியுலகின் நினைவுக்கு வருகின்றன. அந்நகரின் வடபுறத்தில், முளா ஆற்றின் கரையில், கட்கி கண்டோன்மென்ட்டின் எல்லையை ஒட்டி இருக்கும் போபோடி அப்படத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் நவீன புனேயை எழுப்பிய உழைப்பின் வரலாற்றை எழுத முனைவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இங்கே கடல் இல்லை, துறைமுகம் இல்லை. ஆயினும் ஒரு தொழில் துறைமுக நகருக்குரிய இயல்புகள் அனைத்தும் இவ்வூருக்கு உண்டு. பல மொழி பேசும் உழைப்பாளர்கள் இங்கே வந்து குவிந்தனர். இங்கே செய்யப்படும் பொருள் இங்கே பயன்படுவதில்லை. தண்டவாளம் ஏறித் தொலைதூரம் செல்கிறது. ஊரின் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்கும் முடிவுகளோ வேறெங்கோ எடுக்கப்படுகின்றன.

போரில் பிறந்த குடியிருப்பு

1817 நவம்பர் 5 அன்று கட்கிச் சமவெளியில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் மோதின. கம்பெனி வென்றது. அடுத்த ஆண்டு பேஷ்வா ஆட்சி முடிவுக்கு வந்தது. வென்ற இடத்திலேயே படை கூடாரமடித்தது. கூடாரம் கண்டோன்மென்ட் ஆயிற்று. ஆங்கிலேயர் அதனைக் ‘கிர்க்கி’ என்று எழுதினர்.

படை தங்கிய இடத்தில் தொழில் வேர்விடுவதற்குக் காரணமாக அமைந்தது இரயில் பாதை. 1858இல் புனேயிலிருந்து கண்டாலா வரை பாதை திறக்கப்பட்டது. 1863இல் போர் மலைக்கணவாய்ப் பாதை முடிவுற்றதும் பம்பாய்த் துறைமுகமும் தக்காணப் பீடபூமியும் ஒரே தண்டவாளத்தால் இணைந்தன. அக்கணவாயில் பாறையை வெடித்துப் பாதை அமைத்த பல்லாயிரம் கூலித் தொழிலாளர்களில் நோயாலும் விபத்தாலும் மாண்டவர் ஏராளம்.

அவ்விணைப்பு நிகழ்ந்து ஆறே ஆண்டுகளில், 1869இல், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. கடற்கரையிலிருந்து பகைவரின் பீரங்கி எட்டாத தொலைவு. ஆனால் ஒரே இரவில் சரக்கு துறைமுகத்தை அடையக்கூடிய அண்மை. ஏகாதிபத்தியத்தின் கணக்கு இதுவே. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், அதனருகே உயர்வெடிபொருள் தொழிற்சாலையும் எழுந்தது. இந்திய உழைப்பாளி செய்த தோட்டா, இந்தியரை அடக்கவும் பிறநாட்டு மக்களை வெல்லவும் பயன்பட்டது.

அடக்குமுறைக்கென அமைந்த ஆலையே எதிர்ப்பின் நாற்றங்காலாகவும் ஆயிற்று. 1943 ஜனவரி 24 அன்று புனேயின் கேபிடல் திரையரங்கில் ஆங்கிலேயச் சிப்பாய்களைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. அவ்வழக்கில் பிடிபட்ட பாஸ்கர் கர்ணிக், இப்பகுதியின் வெடிமருந்துத் துறையில் பணியாற்றிய இளைஞர். தோழர்களைக் காட்டிக்கொடுக்க நேரிடுமோ என்றெண்ணிக் காவல் நிலையத்திலேயே நஞ்சருந்தி உயிர்நீத்தார்.

வாசலுக்கு வெளியே எழுந்த ஊர்

கண்டோன்மென்ட்டின் உட்புறம் அகன்ற சாலைகள், மரநிழல், அதிகாரிகளின் பங்களாக்கள். ஆலையில் உழைத்தவர்களுக்கு அங்கே இடம் போதவில்லை. அவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே, இரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் இடையே கிடைத்த நிலத்தில் குடியேறினர். போபோடி அவ்வாறு பெருகிய ஊர். ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் தாபோடி. அங்கே மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை. அருகே பவனா ஆறு முளாவுடன் கலக்கிறது. அணைகள் நிரம்பி நீர் திறந்துவிடப்படும் மழைக்காலங்களில் முதலில் நனைவது ஆற்றோரக் குடிசைகளே.

இக்குடியிருப்புகளின் வரலாற்றில் சாதி ஒழிப்பின் வரலாறும் கலந்திருக்கிறது. ஊர்ச்சேரியின் அடிமை ஊழியத்திலிருந்து வெளியேறிய மகார் சமூகத்தினருக்குப் படைத்துறைப் பணிமனைகளும் வெடிமருந்து ஆலைகளும் மாதச் சம்பளம் என்னும் விடுதலையைத் தந்தன. பரம்பரைக் கடமை என்ற பெயரில் கூலியின்றி உழைத்தவர், எண் பொறித்த வில்லையுடன் ஆலைக்குள் நுழைந்து, உழைப்புக்கு விலை கேட்கும் உரிமை பெற்றனர். அண்மையிலுள்ள தேஹு ரோட்டில் 1954 டிசம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முந்தைய நிகழ்ச்சி அது. படைத்துறை ஊழியர் நிறைந்த ஊரில் அது நிகழ்ந்தது தற்செயல் அன்று.

படையுடனும் இரயிலுடனும் தமிழர்களும் வந்தனர். கட்கி, தேஹு ரோடு, புனே கேம்ப் ஆகிய இடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, ஆலையில் இந்தி என்பது அன்றாட வழக்கம். மொழியால் மக்களைப் பிரிக்கும் அரசியலுக்கு இவ்வாழ்வே மறுமொழி.

தொழிற்சங்கத்தின் கோட்டை

விடுதலைக்குப் பின் இவ்வட்டாரம் தொழிற்களமாக விரிந்தது. 1946இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் கட்கியில் ஆலை நடத்தியது. 1954இல் பிம்ப்ரியில் பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டு, ஏழை நோயாளிக்கும் பென்சிலின் எட்டும் நிலையை உருவாக்கியது. பின்னர் மும்பைச் சாலை நெடுகிலும் வாகன ஆலைகள் எழுந்தன.

பாதுகாப்புத்துறை சிவில் ஊழியர்களின் அமைப்பான அகில இந்தியப் பாதுகாப்புத்துறை ஊழியர் சம்மேளனத்தின் தலைமையகம் கட்கியில்தான் அமைந்துள்ளது. அதனைக் கட்டி வளர்த்த சோஷலிஸ்ட் தலைவர் எஸ். எம். ஜோஷியின் பெயரை அக்கட்டடம் தாங்கியிருக்கிறது. 1956இல் உருவான சம்யுக்த மகாராஷ்டிர சமிதியில் கம்யூனிஸ்டுகளுடன் தோளோடு தோள் நின்றவர் அவர். 1960 ஜூலையில் நடந்த மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் பாதுகாப்புத்துறைத் தொழிலாளர்களும் களமிறங்கினர். தேசத்தின் பாதுகாப்புக்குப் பொருள் செய்பவனுக்குக் கோரிக்கை இருக்கக் கூடாது என்ற வாதத்தை அன்றே அவர்கள் நிராகரித்தனர்.

ஒரே கையெழுத்தில் மாறிய வாழ்வு

இன்று இவ்வூரின் முன் நிற்கும் கேள்வி யாது? 2001ஆம் ஆண்டிலேயே படைக்கல உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2017இல் 275 பொருள்கள் முதன்மையற்றவை என வகைப்படுத்தப்பட்டு, அவற்றை வெளிச்சந்தையில் வாங்க வழி செய்யப்பட்டது. 2020 மே மாதத்தில், நாடே பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வேளையில், படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை நிறுவனமாக்கும் முடிவை ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். தானியங்கி வழியிலான அந்நிய முதலீட்டு வரம்பு 74 விழுக்காடாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டதும் அப்போதுதான்.

தொழிலாளர்கள் வாளாவிருக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 20 அன்றே நாடெங்கும் படைக்கல ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பேச்சுவார்த்தைக்கு அரசு அளித்த உறுதியை ஏற்றே அது நிறுத்திவைக்கப்பட்டது. 2021 ஜூனில் அமைச்சரவை ஒப்புதல் வந்ததும் மீண்டும் போராட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கு அரசின் பதில், ஜூன் 30 அன்று பிறப்பிக்கப்பட்ட இன்றியமையாப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம். ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கியது. அச்சட்டப்படி, கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுப்பதும் மிகைநேரப் பணியை மறுப்பதும்கூட வேலைநிறுத்தமே. பங்கேற்போருக்கு ஓராண்டு வரை சிறை. தூண்டுவோருக்கு இரண்டாண்டு வரை. ஓராண்டு மட்டுமே நீடிக்கும் சட்டம் என்று வரையறுத்ததிலேயே அதன் நோக்கம் புலப்படும். மறுசீரமைப்பு முடியும்வரை வாய்ப்பூட்டு!

2021 அக்டோபர் 1 அன்று 41 தொழிற்சாலைகளும் ஏறத்தாழ 70,000 ஊழியர்களும் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டனர். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் நிறுவனத்தின்கீழ் 12 ஆலைகள் வந்தன. கட்கியின் இரு ஆலைகளும் தேஹு ரோடும் அவற்றுள் அடங்கும். நீலகிரியின் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் திருச்சியின் உயர் ஆற்றல் எறிபொருள் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தில் சேர்ந்தவையே. 1904ஆம் ஆண்டு முதல் இயங்கும் அருவங்காட்டின் தொழிலாளியும் போபோடியின் தொழிலாளியும் இன்று ஒரே முதலாளியிடம் பணிபுரிகின்றனர். ஆகவே இவ்வூரின் செய்தி தமிழ்நாட்டின் செய்தியுமாகும்.

நிறுவனமாக்கல் தன்னாட்சியையும் திறனையும் வளர்க்கும், உரிமை அரசிடமே இருக்கும் என்கிறது ஒன்றிய அரசு. அவ்வாறாயின் ஊழியர்களை ஏன் ‘கருதப்பட்ட அயற்பணி’ என்ற தொங்குநிலையில் வைக்க வேண்டும்? முதலில் இரண்டாண்டு என்றார்கள். பின்னர் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. பணிக்காலம் முடியும்வரை ஒன்றிய அரசு ஊழியராகவே நீடிக்கும் உரிமையைத் தொழிற்சங்கங்கள் கோருகின்றன. இருபது ஆண்டு உழைத்தவருக்கு, நாளை தாம் யாருடைய ஊழியர் என்று தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லையா?

பிரிட்டன் தரும் பாடம்

இப்பாதை எங்கே சென்று முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. தாட்சரின் ஆட்சியில், 1985 தொடக்கத்தில், பிரிட்டனின் அரசுப் படைக்கல ஆலைகள் ‘ராயல் ஆர்டினன்ஸ்’ என்ற நிறுவனமாக மாற்றப்பட்டன. அன்றும் திறன் என்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 1987 ஏப்ரலில், 19 கோடி பவுண்டுக்கு அந்நிறுவனம் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு விற்கப்பட்டது. உலகெங்கும் பெயர்பெற்ற துப்பாக்கியைச் செய்த என்ஃபீல்டு ஆலை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று வீட்டுமனைக் குடியிருப்பு நிற்கிறது.

போபோடி மக்கள் இதனைக் கவனத்துடன் கேட்க வேண்டும். இங்கேயும் நிலம் இருக்கிறது. பிம்ப்ரியின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நலிவடைய விடப்பட்டு, 2016 டிசம்பரில் அதன் உபரி நிலத்தை விற்றுக் கடனடைக்க அமைச்சரவை முடிவெடுத்ததையும் கண்டோம். 2023 ஆகஸ்டில் போபோடிக்கு மெட்ரோ இரயில் வந்தது. போக்குவரத்து வசதி வரவேற்கத்தக்கதே. ஆனால் மெட்ரோ வந்தால் மனை விலை ஏறும். விலை ஏறினால் குடிசை இடையூறாகத் தோன்றும். ஆலையும்கூட அவ்வாறே தோன்றத் தொடங்கும்.

அபாயக் கட்டடத்தின் இளைஞர்கள்

வெடிமருந்துப் பணி மற்ற ஆலைப் பணி போன்றதன்று. தீப்பெட்டியும் கைப்பேசியும் வாசலிலேயே ஒப்படைக்கப்படுகின்றன. பொறி எழுப்பாத கருவிகள், உடலின் நிலைமின்னைத் தரைக்கு இறக்கும் ஏற்பாடு, ஒரு கூடத்தின் வெடிப்பு அடுத்ததைத் தாக்காதிருக்க இடையே எழுப்பிய மண்மேடுகள் ஆகிய ஒவ்வொன்றும் முன்பு யாரோ உயிர்கொடுத்துக் கற்றுத்தந்த பாடம். இங்கே அனுபவமே முதற் கவசம். மூத்த தொழிலாளியின் கைப்பக்குவத்தை இளையவர் ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கற்க வேண்டும்.

இன்றோ இந்த அபாயக் கட்டடங்களுக்குக் காலவரையறைப் பணியாளர்கள் எடுக்கப்படுகின்றனர். இதே படைக்கல ஆலைகளில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம். நீட்டித்தாலும் நான்காண்டே உச்ச வரம்பு. கை பழகும்போது வேலை முடிகிறது. பாதுகாப்புக் குறைபாட்டைச் சுட்டினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சத்துடன் பணிபுரிபவர் வாய் திறப்பாரா? 2025 ஜனவரி 24 அன்று, இதே நிறுவனத்தின் பண்டாரா ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் குறைந்தது எட்டுத் தொழிலாளர்கள் மாண்டனர். நிரந்தரப் பணி என்பது சலுகையன்று. வெடிமருந்து ஆலையில் அது உயிர்க்காப்பு.

வாக்கில்லாத நகராட்சி

ஆலைக்குள் குரல் ஒடுக்கப்படும்போது ஊருக்குள்ளும் அது ஒடுங்குகிறது. கட்கி கண்டோன்மென்ட் வாரியத்துக்கு இறுதியாகத் தேர்தல் நடந்தது 2015இல். 2023 ஏப்ரல் 30 என்று நாள் குறித்த தேர்தலும் ரத்து செய்யப்பட்டது. குடிநீர், சாக்கடை, மருத்துவமனை, பள்ளி ஆகிய யாவும் மக்கள் தேர்ந்தெடுக்காதவர்களின் பொறுப்பில். மக்கள் குடியிருக்கும் பகுதிகளை மாநகராட்சிகளுடன் இணைப்போம் என்பது ஒன்றிய அரசின் கொள்கை. இணைப்பு எப்போது, வரி எவ்வளவு, குடியிருப்பு உரிமை யாருக்கு என்ற வினாக்களை அங்கு வாழும் மக்களிடம் கலந்து முடிவு செய்வதே ஜனநாயகம்.

செய்ய வேண்டியவை

தோழர்களே! கோரிக்கைகள் தெளிவானவை. ஆலைகள் அரசுத் துறையாக மீட்கப்பட வேண்டும். இன்றுள்ள ஊழியர்கள் ஓய்வு பெறும்வரை ஒன்றிய அரசு ஊழியராகவே நீடிக்க வேண்டும். அபாயக் கட்டடப் பணியாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஆலை நிலத்தில் ஓரடியும் விற்கப்படலாகாது. ஆற்றோரக் குடிசைவாசிகளுக்கு அதே வட்டாரத்தில் மாற்று வீடு வழங்கப்படாமல் ஓர் ஓடும் அகற்றப்படலாகாது.

இவற்றை ஆலைத் தொழிலாளி மட்டும் தனித்து வெல்ல இயலாது. ஒப்பந்த இளைஞரும், வீட்டுவேலை செய்யும் பெண்களும், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளரும், ஆட்டோ ஓட்டுநரும் இதே சந்துகளில்தான் வாழ்கின்றனர். ஆலையின் ஊதியம் தேய்ந்தால் முதலில் வாடுவது இத்தெருவின் மளிகைக் கடையே. சங்கம் வாசலோடு நிற்காமல் சந்துக்குள் வர வேண்டும். மராத்தியிலும் தமிழிலும் இந்தியிலும் பேச வேண்டும். ஒவ்வொரு சந்திலும் குடியிருப்போர் குழுவும், ஒவ்வொரு பணிமுறையிலும் ஒப்பந்தப் பணியாளரைச் சேர்த்த சங்கக் கிளையும் அமைப்பதே உடனடிப் பணி. அருவங்காட்டுக்கும் திருச்சிக்கும் இங்கிருந்து கடிதங்கள் செல்ல வேண்டும். அங்கிருந்து பதில்கள் வர வேண்டும். ஒரே நிறுவனத்தின் பன்னிரண்டு ஆலைகளும் ஒரே குரலில் பேசும் நாளில், தில்லி அதைக் கேட்டே ஆக வேண்டும்.