உப்புத் தங்காத பிள்ளைகள்

(தோட்ட மாதர் சங்கமும் மரணாதாரச் சங்கமும் சேர்ந்து கூட்டிய மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



அந்தி நிறுவை முடிந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். இனிப் போய்த்தான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ரொட்டி சுட வேண்டும். ஆனபடியால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாயிரம், பதினையாயிரம் பிள்ளைகள் பிறந்தால் அதில் ஒரு பிள்ளைக்கு வருகிற ஒரு வியாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். "அவ்வளவு அபூர்வமான வியாதிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

நான் பார்க்கிற தோட்டங்களில் ஒன்றில் ஒரு குடும்பம். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்தும் கேட்காதீர்கள். "பேரை மட்டும் சொல்லாதீங்க மிஸ், மத்ததெல்லாம் சொல்லுங்க. வேற புள்ளைக்காவது உதவட்டும்" என்று அந்தத் தாயே சொன்னதால்தான் பேசுகிறேன்.

அவர்களுக்கு முதலில் பிறந்தது ஆண் பிள்ளை. நல்ல நிறை, நல்ல அழுகை. பத்து நாள் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு பால் குடிக்கச் சோம்பல். குடித்ததையும் கக்கியது. கண் உள்ளே போய், தோல் சுருங்கி, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. பாட்டி மாந்தம் என்றார். பக்கத்துக் காம்பராவில் சீர் தட்டியது என்றார்கள். மந்திரித்து நூல் கட்டினார்கள், வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் விடியற்காலை பிள்ளை போய்விட்டது. மரணாதாரச் சங்கம் சின்னப் பெட்டிக்குக் காசு கொடுத்தது. நானும் போயிருந்தேன். அந்த மாத அறிக்கையில் 'வாந்தி, வயிற்றோட்டம்' என்று என் கையாலேயே எழுதினேன். இன்றைக்கு அந்தத் தாளை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது பிள்ளை. பிறந்த அன்றைக்கே மருத்துவமாதுக்குச் சந்தேகம். வெளியுறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பை இருக்கிறது, இது பெண் பிள்ளைதான் என்றார்கள். வியாதியின் பெயரும் அப்போதுதான் தெரிந்தது. கொன்ஜெனிட்டல் எட்ரினல் ஹைப்பர்பிளேசியா. சுருக்கமாகச் சீ.ஏ.எச். வாயில் நுழையாத பெயர். எனக்கே பழக ஒரு மாதம் பிடித்தது. முதல் பிள்ளையைக் கொண்டு போனதும் இதுவாகத்தான் இருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

நம்முடைய இரண்டு சிறுநீரகத்துக்கும் மேலே, தொப்பி வைத்த மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. அதிரினல் சுரப்பி என்பார்கள். அங்கே ஊறுகிற ஹோர்மோன்களில் ஒன்று கோர்ட்டிசோல். காய்ச்சல் வந்தாலும் அடிபட்டாலும் உடம்பு தாக்குப் பிடிப்பது அதனால்தான். இன்னொன்று அல்டொஸ்டெரோன். உடம்பிலுள்ள உப்பு சிறுநீரோடு வீணாகப் போகாமல் பிடித்து வைப்பது அது. இந்த வியாதிக்காரப் பிள்ளையின் சுரப்பியில் இவற்றைச் செய்வதற்கு வேண்டிய ஒரு நொதியம் பிறவியிலேயே குறைவு. மூளையிலிருந்து 'இன்னும் செய், இன்னும் செய்' என்று கட்டளை வந்துகொண்டே இருக்கும். சுரப்பியும் வீங்கி வீங்கி வேலை செய்யும். ஸ்டோரில் ட்ரையர் நின்றுபோனால் அரைத்த கொழுந்தெல்லாம் ஒரு பக்கத்தில் குவிகிறதே, அந்த மாதிரி, செய்ய வேண்டியது செய்யப்படாமல், ஆண் தன்மை தருகிற ஹோர்மோன் மட்டும் அளவுக்கு மிஞ்சிச் சேரும்.

அதனால்தான் பெண் பிள்ளைக்குத் தாய் வயிற்றிலேயே வெளியுறுப்பு மாறித் தெரிகிறது. உள்ளே கர்ப்பப்பை, சூலகம் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆண் பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆபத்து இங்கேதான். பெண் பிள்ளையைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது, அதனால் உயிர் தப்புகிறது. ஆண் பிள்ளையோ பார்வைக்கு நல்லாயிருக்கிறது; இரண்டாம் மூன்றாம் கிழமையில் உப்பும் நீரும் வடிந்து மாந்தம் என்ற பெயரில் போய்விடுகிறது. வியாதி கடுமையாக உள்ள நாலு பிள்ளைகளில் மூன்று பிள்ளைகளுக்கு இப்படி உப்புத் தங்காது. நம்ம மலைகளில் அப்படிப் போன பிள்ளைகள் எத்தனையோ, யார் கண்டது?

கக்குகிற பிள்ளைக்கெல்லாம் இந்த வியாதி என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் ஒரு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை பால் குடிக்காமல், வாந்தி எடுத்து, நிறை குறைந்து, சோர்ந்து கிடந்தால், அது என்ன வியாதியானாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும். நூல் கட்டுவதென்றால் திரும்பி வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. புது மருந்தும் அல்ல. 1950ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் லோசன் வில்கின்ஸ் என்ற சிறுவர் வைத்தியர் கோர்ட்டிசோன் கொடுத்து இந்தப் பிள்ளைகளைத் தேற்றிக் காட்டினார். உடம்பு செய்ய முடியாததை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை ஒரு நாளைக்கு மூன்று வேளை. உப்புத் தங்காத பிள்ளைக்கு ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன் குளிசையும் வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது டொக்டர் அளந்து சொன்னபடி உப்பும் கொடுக்க வேண்டும். சோற்றுக்குப் போடுகிற மாதிரி கைக்கணக்கில் உப்பைப் போட்டுவிடக் கூடாது, அதுவும் ஆபத்து.

இது சாகும்வரை சாப்பிட வேண்டிய மருந்து. பிள்ளை ஓடி விளையாடுகிறதே, இனி என்னத்துக்கு என்று நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு வந்துவிடும். அளவு குறைந்தாலும் கூடினாலும் வளர்த்திக் கெடும். சரியாகக் கொடுத்தால் அந்தப் பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவாள், பெரிய மனுஷி ஆவாள், கல்யாணம் கட்டலாம், பிள்ளையும் பெறலாம்.

இப்போது நான் சொல்ல வந்த கதை. அந்தப் பிள்ளைக்கு நாலு வயது நடக்கிறபோது ஒரு நாள் இராத்திரி காய்ச்சல். காலையில் விட்டிருந்தது. தாய் வழக்கமான குளிசையைக் கொடுத்து, பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குப் பிள்ளை வாந்தி. ஆயம்மா பாட்டிக்கு ஆள் அனுப்பினார். பாட்டி கூட்டிக்கொண்டு போய் மல்லித்தண்ணி கொடுத்தார். அதுவும் வெளியே வந்துவிட்டது. தாய் மேல் மலையில். பகல் நிறுவைக்கு வந்து பார்த்தால் பிள்ளை துணி மாதிரிக் கிடக்கிறது. ஆட்டோ பிடித்து ஓடினாள். போன இடத்தில் என்ன வருத்தம் என்று கேட்டால் அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. வயிற்றோட்டக்காரர்களோடு வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கிளினிக்கில் கொடுத்த கடிதம் ஒன்று உண்டு. 'இந்தப் பிள்ளைக்கு வாந்தி வந்தால், மயங்கினால், உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போடவும்' என்று தெளிவாக எழுதிய கடிதம். அது எங்கே இருந்தது தெரியுமா? காம்பராவில், ட்ரங்குப் பெட்டிக்குள்ளே, கூறைச் சீலைக்கு அடியில். தகப்பன் யாரோ ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிளில் ஏறிவந்து, பெட்டியைக் கொட்டி, தேடி எடுத்துக்கொண்டு போனார். கடிதத்தைக் காட்டிய பிறகு ஊசி போட அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. சேலைனும் ஏற்றினார்கள். பொழுது சாயும்போது பிள்ளை பிஸ்கட் கேட்டதாம்.

ஏன் அந்தக் கடிதம் சீலைக்கு அடியில் இருந்தது? அதை நான் அந்தத் தாயிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பீலிக்கரையில பேசினாங்க மிஸ்" என்றாள். பிள்ளை பிறந்த புதிதில் ஆணா பெண்ணா என்று பேசியது, என்ன பாவமோ என்று பேசியது, தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கவே வந்தது எல்லாம். அன்றிலிருந்து மாமியாருக்குக்கூட முழு விபரம் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு குளிசை கொடுத்திருக்கிறாள். ஆயம்மாவுக்குத் தெரியாது, பாட்டிக்குத் தெரியாது, கங்காணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்பது மணிக்கே அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

பேசினவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் பிள்ளை போனபோது சோறாக்கிக் கொண்டுவந்து வைத்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தப் பேச்சு ஒரு கடிதத்தைப் பெட்டிக்குள் தள்ளியது, பெட்டிக்குள் போன கடிதம் இன்னொரு பிள்ளையையும் கொண்டுபோகப் பார்த்தது.

பாவம் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். இது தாயின் குறையும் அல்ல, தகப்பனின் குறையும் அல்ல. இரண்டு பேரிடமும் இந்தக் குறையின் ஒரு பாதி ஒளிந்திருக்கிறது. அவர்களுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. இரண்டு பாதியும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால்தான் வியாதி. ஒவ்வொரு தடவை பிள்ளை உண்டாகும்போதும் நாலில் ஒரு பங்கு அப்படி நடக்கலாம். சொந்தத்துக்குள் கட்டுகிறபோது ஒரே பாதி இரண்டு பக்கத்திலும் இருக்கக் கூடுதல் இடமுண்டு. அதற்காக மாமன் மகளைக் கட்டியதால் வந்த தண்டனை என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்நியத்தில் கட்டினவர்களுக்கும் வருகிறது. இப்படி ஒரு பிள்ளை இருந்த குடும்பம் அடுத்த பிள்ளைக்கு முன் டொக்டரிடம் பேச வேண்டும். 'மருமகள் ராசி' என்று சொல்லுகிற மாமியார்மார் இந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதி வாங்கினோம். ஒரு கொப்பி பிள்ளைக்காம்பராவில், ஒன்று தோட்ட டிஸ்பென்சரியில், ஒன்று பள்ளிக்கூடத்து டீச்சரிடம். காய்ச்சல் வந்தால் குளிசையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்த அளவை டொக்டர்தான் எழுத வேண்டும், அக்கம்பக்கத்தார் யோசனை வேண்டாம். வாந்தி வந்தால் குளிசை வயிற்றில் தங்காது, ஊசிதான். தாய்க்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர் கடிதத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் மழை நாளில் நம்ம ரோட்டுக்கு ஏறி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கீழ்ச் சந்தி வரைக்காவது இறக்க ஒரு வாகனம் வேண்டும்.

கிளினிக் கதையும் இருக்கிறது. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போக விடிய நாலு மணிக்கு இறங்க வேண்டும். வைத்தியம் இலவசம்தான். ஆனால் பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் பேரும் போய்விடும். 2022ல் நாட்டில் மருந்து தட்டுப்பாடு வந்தபோது குளிசைக்காகத் தகப்பன் டவுனில் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினார். அப்படியான நேரத்தில் ஒரு குடும்பம் தனியாக நின்றால் ஒடிந்து போகும்.

வியட்நாம் நாட்டில் இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஆஸ்பத்திரியில் ஒன்றுகூடிச் சங்கம் மாதிரி நடத்துகிறார்கள். ஒஸ்திரேலியாவில் 2004ல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்த மாதிரியானவர்கள் விடாமல் கேட்டதில், 2008ல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டு குளிசைகளையும் பிள்ளைகளுக்கு அத்தியாவசியமான மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அவர்களும் நம்மைப் போல ஏழைச் சனங்கள்தான்.

நம்மிடம் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. மரணாதாரச் சங்கத்துக்கு மாதா மாதம் சந்தா கட்டுகிறோம். யாராவது செத்தால் பெட்டி, பந்தல், தேத்தண்ணி, எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் வந்து நிற்கிறது. அதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கீழே இறக்க ஆட்டோவுக்குக் காசு கேட்டால் சட்டத்தில் இடமில்லை என்கிறோம். போன மாதம் இந்தக் கூட்டத்தில்தான் அப்படிச் சொன்னார்கள். சொன்ன அண்ணன் முன்வரிசையில் இருக்கிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. சந்தாவில் ஒரு சிறு பங்கை அவசர வாகனத்துக்கென்று ஒதுக்கி வைப்போம். இந்த வியாதிக்கு மட்டுமல்ல. வலிப்பு, பாம்புக் கடி, பிள்ளைப்பேறு எதுவானாலும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கெழுதலாம். இரவிலும் எழுந்து வரச் சம்மதமுள்ள இரண்டு ஆட்டோக்காரத் தம்பிமாரின் நம்பரை ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் எழுதி வைப்போம். கிளினிக் நாளில் பிள்ளையைக் கூட்டிப் போகிற தாய்க்கு மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாதர் சங்கத்தில் ஒருவர் முறை வைத்துக்கொள்ளலாம்.

பொருளாளர் அண்ணன் சங்கத்துச் சட்டப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்குப் போக முன்னமே அதைத் திறந்து பார்த்து, எந்த வாசகத்தை எப்படித் திருத்துவது என்று இப்போதே பேசிவிடுவோம்.