டெல்லி திரும்பாத பாதுஷா



1695-ஆம் ஆண்டு. கிருஷ்ணா நதிக்கரையில் கல்கலா என்ற இடத்தில் முகலாயப் படை பாசறை அடித்திருந்தது. அங்கே போய்ச் சேர்ந்த ஜெமெல்லி கரேரி என்ற இத்தாலியப் பயணி, பேரரசரை நேரில் பார்த்தார். வெள்ளை உடை, நரைத்த தாடி, கையில் ஊன்றுகோல். வந்தவர்கள் நீட்டிய மனுக்களை மூக்குக் கண்ணாடி இல்லாமலே படித்து, தம் கைப்படவே உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் மலர்ச்சி இருந்ததாகவும் கரேரி குறித்து வைத்திருக்கிறார். அந்த முதியவருக்கு அப்போது 76 வயது. அவர்தான் ஔரங்கசீப். வடநாட்டை விட்டு வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி அங்கே திரும்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

அவர் அரியணை ஏறிய கதை நாம் பள்ளியில் படித்ததுதான். 1657-இல் ஷாஜஹான் நோயில் விழுந்தார். மகன்கள் நால்வரும் வாளெடுத்தார்கள். 1658-இல் சாமுகர் போர்க்களத்தில் அண்ணன் தாராவை ஔரங்கசீப் வென்றார். அடுத்த ஆண்டு தாரா கொல்லப்பட்டார். தந்தை ஆக்ரா கோட்டையிலேயே அடைபட்டு 1666-இல் இறந்தார். பிறகு காசியிலும் மதுராவிலும் பெருங்கோயில்கள் இடிக்கப்பட்டன. 1675-இல் சீக்கியரின் குரு தேக் பகதூர் டெல்லியில் கொல்லப்பட்டார். 1679-இல் இந்துக்கள் மீது ஜிஸியா வரி திரும்ப வந்தது. இவற்றையெல்லாம் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதே சமயம், அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில் உயர்நிலை மன்சப்தார்களில், அதாவது பட்டம் பெற்ற அரசு அதிகாரிகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்து. அவருக்கு முன்பிருந்த எந்த முகலாய அரசரின் காலத்திலும் இவ்வளவு பேர் இருந்ததில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

நான் இன்று பேச விரும்புவது அவருடைய கடைசி 26 ஆண்டுகளைப் பற்றி. அந்தக் கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் மண்ணில், செஞ்சியில் நடந்தது.

1681-இல் கலகம் செய்த மகன் அக்பர், மராத்திய மன்னர் சம்பாஜியிடம் அடைக்கலம் புகுந்தார். தந்தை படையோடு தெற்கே வந்தார். 1686-இல் பீஜப்பூர் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு, எட்டு மாத முற்றுகைக்குப் பின், உள்ளிருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட, கோல்கொண்டாவும் வீழ்ந்தது. 1689-இல் சம்பாஜியைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். எல்லாம் முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சம்பாஜியின் தம்பி ராஜாராம் தப்பித் தெற்கே ஓடிவந்து செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார்.

செஞ்சியைப் பார்த்த நேயர்களுக்கு அந்த இடம் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். 1690-இல் தளபதி சுல்பிகர் கான் வந்து வளைத்தார். மூன்று பக்கம் மலை, வெளியே பரந்த நாடு. எந்த வழியையும் முழுதாக அடைக்க அவரால் முடியவில்லை. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு மராத்தியத் தளபதிகள் குதிரைப் படையோடு பாய்ந்துவந்து தானிய வண்டிகளை மறித்தார்கள். காஞ்சிபுரத்து முகலாயப் படை அதிகாரி (பவுஜ்தார்) அலி மர்தான் கானைச் சந்தாஜி சிறைபிடித்தார். முற்றுகை போட்டவர்களே பட்டினி கிடந்தார்கள். கடைசியில் சுல்பிகர் கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவே பாதுஷா இறந்துவிட்டதாக ஒரு வதந்தி. பாசறையில் இருந்த இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார். சுல்பிகர் கானும் அவருடைய தந்தை வசீர் அசத் கானும் பாதுஷாவின் சொந்த மகனையே காவலில் வைத்தார்கள்! மீண்டும் முற்றுகை; 1698 தொடக்கத்தில்தான் கோட்டை கைக்கு வந்தது. ராஜாராமோ அதற்குள் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். எட்டு ஆண்டுகள் ஆனதற்கு மதிலும் மலையும் மட்டும் காரணம் இல்லை, சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற பேச்சு அன்றே இருந்தது. எனக்கும் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. போர் நடக்கும் வரைதான் தளபதிக்கு மதிப்பு.

பேரரசின் இன்னொரு நோய் கணக்கு வழக்கில் இருந்தது. மன்சப்தார்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் ரொக்கமாக வருவதில்லை. குறிப்பிட்ட ஊர்களின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமை, அதாவது ஜாகீர், தரப்படும். பணிந்த பீஜப்பூர், கோல்கொண்டா பிரபுக்களுக்கும் மராத்தியத் தலைவர்களுக்கும் பாதுஷா பட்டம் கொடுத்துக்கொண்டே போனார். கொடுக்க ஊர் எங்கே? ஜாகீர் உத்தரவுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கிடைத்த ஊருக்குப் போய்ப் பார்த்தால், போரில் நிலம் தரிசு. வரியில் கால் பங்கை, சௌத் என்ற பெயரில், மராத்தியர் கேட்டார்கள். பல முகலாய அதிகாரிகள் அவர்களோடு கமுக்கமாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வரைபடத்தில் பேரரசு முன்னெப்போதையும்விடப் பெரிது. வரைபடத்துக்குக் கீழே வரி வரவில்லை.

1699-இல், எண்பதைத் தாண்டிய வயதில், பாதுஷா தாமே கோட்டை பிடிக்கக் கிளம்பினார். சதாரா, பன்ஹாளா, சிங்ககட், ராஜ்கட் என்று ஒவ்வொன்றாக. சில கோட்டைகள் பணம் கொடுத்து வாங்கப்பட்டன. ராஜாராம் 1700-இல் இறந்தபின் அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார். முகலாயப் படை நகர்ந்ததும் கோட்டைகள் பல கைமாறின. அந்த முதியவரின் உழைப்பை வியக்காமல் இருக்க முடியாது. யார் நிறுத்தச் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார் என்பதுதான் துயரம்.

1707 மார்ச் 3-ஆம் தேதி, அகமதுநகர் அருகே, 88-ஆம் வயதில் காலமானார். தாஜ்மஹாலில் துயிலும் மும்தாஜின் மகனுக்கு, குல்தாபாத் தர்காவில் மேற்கூரை இல்லாத எளிய கல்லறைதான். அதுவே அவர் விருப்பம்.

மூன்று மாதத்தில் மகன் ஆசம், அண்ணன் முவாசமோடு மோதி மாண்டார். செஞ்சியில் காவலில் வைக்கப்பட்ட காம் பக்ஷ் 1709-இல் ஹைதராபாத் அருகே அதே அண்ணனின் படையோடு போரிட்டுக் காயப்பட்டு இறந்தார். பகதூர் ஷா என்ற பெயரோடு முடிசூடிய முவாசம் 1712-இல் காலமானார். 1719-இல், தக்காணத்தில் சௌத் வசூலிக்கும் உரிமையை மராத்தியருக்கு முகலாய அரசே சாசனமாக எழுதிக் கொடுத்தது.