இருளுக்குள் ஒரு கொதிப்பு



பிரபஞ்சத்தில் அணுக்களாலான பொருளைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கரும்பொருள் இருக்கிறது. அதன் ஈர்ப்பைக் கொண்டே அதை அறிகிறோம். அது ஒரே வகைத் துகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தனக்கென்று துகள்களும் விசைகளும் கொண்ட, நம்மோடு ஈர்ப்பைத் தவிர வேறு உறவே இல்லாத ஒரு மறைவுலகமாகவும் இருக்கலாம். அப்படியானால் எந்தத் துகள்முடுக்கியிலும் அது சிக்காது.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. ஆதிப் பிரபஞ்சம் குளிர்ந்தபோது அந்த மறைவுலகம் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவியிருக்கலாம். கொதிக்கும் நீரில் ஆவி கிளம்புவதுபோல, பழைய நிலைக்குள் புதிய நிலையின் குமிழிகள் அங்கங்கே முளைத்து விரிந்திருக்கும். தனியாக விரியும் உருண்டைக் குமிழி எவ்வளவு ஆற்றலோடு விரிந்தாலும் ஈர்ப்பு அலை பிறக்காது. எல்லாத் திசையிலும் அது ஒன்றுபோல் இருப்பதே காரணம். குமிழிகள் ஒன்றோடொன்று முட்டும்போதுதான் சமச்சீர் குலைந்து அலை எழுகிறது. முட்டல் ஓய்ந்த பிறகும் பிரபஞ்சத்தை நிறைத்திருந்த சூடான பாய்மத்தில் ஒலி அலைகள் ஓடிக்கொண்டிருக்கும். பல மாதிரிகளில் மோதலைவிட இவையே வலுவான ஈர்ப்பு அலைகளை எழுப்புகின்றன.

எட்வர்ட் விட்டன் 1984-லும் கிரெய்க் ஹோகன் 1986-லும் ஆதிப் பிரபஞ்சத்தின் நிலைமாற்றங்கள் எழுப்பும் ஈர்ப்பு அலைகளைப் பற்றி எழுதினார்கள். ஆனால், 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள ஹிக்ஸ் துகளை வைத்துக் கணக்கிட்டால், நம் துகள்களின் உலகில் ஹிக்ஸ் புலத்தின் நிலைமாற்றம் குமிழியே இல்லாமல் சீராக நடந்தேறியிருக்கிறது. குவார்க்குகள் புரோட்டான்களுக்குள் அடைபட்டதும் அப்படியே. ஆகவே ஆதிக் குமிழிகளின் அலை உறுதியாகச் சிக்கினால், அது இன்றைய துகள் கொள்கைக்கு அப்பாலிருந்து வரும் சேதி. இந்த ஆய்வின் முழு மதிப்பும் எனக்கு இதில்தான் தெரிகிறது.

மாற்றம் நடந்த வெப்பநிலை உயர உயர, இன்று நமக்கு வந்துசேரும் அதிர்வெண்ணும் உயரும். மில்லிஹெர்ட்ஸ் அலைகளுக்காக, 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கும் மூன்று விண்கலங்களைக் கொண்ட லிசா திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி முகமை 2035-ஐ ஒட்டி ஏவ இருக்கிறது. நானோஹெர்ட்ஸ் அலைகளுக்கு, சீராகத் துடிக்கும் பல்சர் விண்மீன்களே கடிகாரங்கள். 2023 ஜூனில் நானோகிராவ் குழு, 67 பல்சர்களின் 15 ஆண்டுத் துடிப்புகளிலிருந்து இத்தகைய அலைப் பின்னணிக்கான சான்றை வெளியிட்டது. அதே நாளில் ஐரோப்பியக் குழுவும் சான்று தந்தது. புனே அருகிலுள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளோடு இந்திய ஆய்வாளர்கள் அதில் பங்கேற்றார்கள்.

அது மறைவுலகின் கொதிப்புதானா? அவசரப்படக் கூடாது. ஒன்றையொன்று சுற்றும் மாபெரும் கருந்துளை இணைகளே இயல்பான விளக்கம். மறைவுலகக் கதைக்குக் கடிவாளமும் உண்டு. மிச்ச ஆற்றல் அங்கே கதிர்வீச்சாகத் தங்கியிருந்தால், பிரபஞ்சம் விரிந்த வேகம் கூடி, முதல் சில நிமிடங்களில் உருவான ஹீலியத்தின் அளவே மாறியிருக்கும். கருந்துளை இணைகளின் அலையையும் ஆதிக் குமிழிகளின் அலையையும் பிரித்தறிய ஒரு சோதனை நடந்துவருகிறது. கருந்துளைகளால் வந்த பின்னணி என்றால் வானத்தின் சில திசைகளில் அலை தூக்கலாக இருக்க வேண்டும். ஆதிக் குமிழிகளிலிருந்து வந்தது என்றால் எத்திசையிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். மேலும் பல பல்சர்களும் மேலும் சில ஆண்டுத் தரவும் சேரச் சேர, அந்த வேறுபாடு தெரியத் தொடங்கும்.