வண்டி நம்ம பேர்ல, சின்ன ரிப்பேரும் நம்ம கையில

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



என்னைப் பேசச் சொன்னால் சேமிப்பு, சந்தா, தவணை என்றுதான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். வெளியே எட்டிப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் எத்தனை ஸ்கூட்டர் நிற்கிறது! 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் தரும் திட்டம் வந்தது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நம்மில் சிலர் அதில் வாங்கினோம், சிலர் குழுக் கடனில் வாங்கினோம். அந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயசாகிவிட்டது. பாதி வண்டியில் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கிறது, சிலதில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.

போன வருஷம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா 3,000 ரூபாய் அவசரக் கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "முன் பேனல் உடஞ்சு தொங்குது மேடம். சக்கரத்துல உரசுது. ஓட்டப் பயமா இருக்கு. மூணு வாரமா பஸ்ஸுலதான் தையல் கடைக்குப் போறேன். லேட்டாப் போனா அரை நாள் கூலி போயிடுது" என்றார். அதே கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர் மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டக் கடன் கேட்டிருந்தார். கையிருப்பு ஒருவருக்குத்தான் காணும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு களப்பணிக்குப் போகும்போது மண் பாதையில் சறுக்கி விழுந்தேன். எனக்குக் காயம் இல்லை, சைடு பேனல் பிளந்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "புதுசுதான் மாத்தணும், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. உடனே ஒட்டும் பசை டியூப் ஒன்று வாங்கி நானே ஒட்டினேன். இரண்டாம் நாளே விட்டுவிட்டது! படித்த படிப்பு எல்லாம் அங்கே உதவவில்லை.

ஏன் ஒட்டவில்லை?

பிளாஸ்டிக்கில் பல வகை உண்டு. வண்டியில் பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஏ.பி.எஸ். இது கொஞ்சம் கெட்டி, பளபளப்பு. பசை பிடிக்கும். இன்னொன்று பி.பி., அதாவது பாலிபுரோப்பிலீன். இது வளையும். சாதாரணப் பசை இதில் பிடிக்கவே பிடிக்காது. நான் ஒட்டியது பி.பி.யில்!

எப்படிக் கண்டுபிடிப்பது? பேனலைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ஆங்கிலத்தில் ஏ.பி.எஸ். அல்லது பி.பி. என்று அச்சு இருக்கும். அழிந்திருந்தால் உடைந்த சின்னத் துண்டைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பி.பி. மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. (சில வண்டிகளில் பேனலே தகரம். காந்தம் ஒட்டினால் தகரம். அதற்கு இந்த வேலை ஆகாது.)

குடம் ஒட்டுபவர் செய்ததுதான்

முன்பெல்லாம் தெருவில் "பிளாஸ்டிக் குடம், பக்கெட் ஒட்டறது" என்று ஒருவர் வருவார், ஞாபகம் இருக்கிறதா? கம்பியைச் சூடாக்கி, ஓட்டையில் வைத்துத் தேய்ப்பார். குடம் மறுபடி தண்ணீர் பிடிக்கும். அதே வேலைதான் இது. கம்பிக்குப் பதில் ரேடியோ ரிப்பேர்காரர் வைத்திருக்கும் சால்டரிங் இரும்பு. 25 வாட் போதும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

செய்முறையைக் கவனமாகக் கேளுங்கள்:

1. சாவியை அணையுங்கள். பேனலைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். எந்த ஸ்குரூ எங்கே என்று தெரியும். பின்னால் இண்டிகேட்டர் ஒயர் இருந்தால் இழுக்காமல் மெல்லப் பிரியுங்கள்.

2. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது.

3. விரிசல் முடியும் இடத்தில் கோணி ஊசியைச் சூடாக்கி 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். துணி கிழிந்தால் கிழிசல் முனையில் முதலில் தையல் போடுவோமே, அது போல. இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிக்கொண்டே இருக்கும்.

4. வெளிப்பக்கம் இரண்டு ஓரத்தையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள். வேலை முழுவதும் உள்பக்கம்தான்.

5. சூடான இரும்பால் விரிசலுக்குக் குறுக்கே, ஒரு விரல் இடைவெளியில், தையல் போல இழுங்கள். பாதி ஆழம் போதும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகி ஓட்டை விழும்.

6. பழைய எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலையைப் பட்டையாக வெட்டி, விரிசல் மேல் வைத்து இரும்பால் அழுத்துங்கள். வலை பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். அதன் மேல் அதே வகை பிளாஸ்டிக் துண்டை உருக்கிப் பூசுங்கள். பி.பி.க்கு பி.பி.தான். வேறு வகை சேராது. முக்கோணக் குறிக்குள் 5 என்று இருக்கும் பழைய டப்பா பி.பி. தான்.

7. தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஏ.பி.எஸ். என்றாலும் இதே முறை செய்யலாம். அல்லது இரண்டு டியூப் கலந்து ஒட்டும் பசையை, உள்பக்கம் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, வலையோடு சேர்த்துப் பூசி ஒரு நாள் காய விடலாம்.

மாட்டும்போது ஸ்குரூவை மிக இறுக்க வேண்டாம். பல விரிசல்கள் ஸ்குரூ ஓட்டையில்தான் ஆரம்பிக்கும். ஒரு ஸ்குரூ காணாமல் போனாலும் அங்கே ஆட்டம் வந்து பக்கத்தில் பிளக்கும். 5 ரூபாய் ஸ்குரூதானே என்று விடாதீர்கள்.

பாதுகாப்பு முக்கியம்

உருகும் பிளாஸ்டிக் புகை கெடுதல். வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான திண்ணையில் செய்யுங்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வண்டியில் மாட்டியபடி சூடு வைக்கவே கூடாது, பெட்ரோல் இருக்கிறது. ஈரக் கையோடு இரும்பைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒட்டவும் கூடாது. பிரேக் சம்பந்தப்பட்டது, கால் வைத்துப் பாரம் தாங்கும் பாகம், விழுந்த பிறகு ஹேண்டில் ஒரு பக்கம் இழுப்பது, இதெல்லாம் மெக்கானிக் வேலை. விரிசல் விட்ட ஹெல்மெட்டை ஒருநாளும் ஒட்டிப் போடாதீர்கள். பேனல் உடைந்தால் காசு போகும், ஹெல்மெட் உடைந்தால் உயிர்.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்று கேட்பீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் நம் வண்டிக்குப் பைசா வராது. முழுக் காப்பீடு என்றாலும், தனியாகக் கூடுதல் பணம் கட்டியிருந்தால் தவிர, பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி கழித்துத்தான் தருவார்கள். அதற்கு மேல், கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் சலுகையும் அடுத்த வருஷம் போய்விடும்.

சரி, அந்த அக்கா கதைக்கு வருவோம். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். முதல் நாலு தையல் நான் போட்டேன். பிறகு அவரே வாங்கிக்கொண்டார். தையல்காரர் கை இல்லையா, என்னுடையதைவிட நேராக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. தழும்பு தெரிகிறது, மறைக்க முடியவில்லை. ஆனால் திங்கட்கிழமை வண்டியில் கடைக்குப் போனார். அந்த 3,000 ரூபாய் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பரீட்சைப் பணத்துக்குப் போனது.

சகோதரிகளே, என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு சால்டரிங் இரும்பு வாங்கி, குழுப் பெட்டியோடு வைப்போம். யார் வாங்கிப் போனாலும் நோட்டில் எழுதுவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உடைந்த பேனல் இருந்தால் கொண்டு வாருங்கள். இங்கேயே உட்கார்ந்து செய்து பார்ப்போம். முதலில் கெட்டுப்போனாலும் பரவாயில்லை. என்னுடையதும் கெட்டுத்தான் போனது.