பொறியும் பொறுப்பும்

பாடசாலை அதிபரொருவர் தமது சேவைக்காலத்தில் எத்தனை நற்சான்றுப் பத்திரங்களில் ஒப்பமிடுகிறார் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை. ஆயினும் சென்ற ஆண்டு அவற்றுள் ஒன்று என்னைத் தலைகுனிய வைத்தது. வேலை குவிந்து கிடந்த ஒரு நாளில், மாணவரின் பெயர்களையும் பெறுபேறுகளையும் கணினிக்குக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நற்சான்றுகளை எழுதுவித்தோம். நடை மிக நேர்த்தியாக இருந்தது. மேலோட்டமாக வாசித்துவிட்டு ஒப்பமிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவன் தயங்கித் தயங்கி வந்து, "சேர், நான் ஒருநாளும் கிரிக்கெற் விளையாடினதில்லை" என்றான். விடியற்காலையில் தந்தையாரோடு கடலுக்குப் போய்வந்து, பின்னர் பள்ளிக்கு வருகிற பிள்ளை அவன். பொறி அவனைத் துடுப்பாட்டக் குழுவின் உபதலைவனாக்கியிருந்தது. அவனுடைய உழைப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பொய்யை எழுதியது பொறி; அதன்கீழ் இருந்த ஒப்பமோ என்னுடையது.

வங்கிகளும் வைத்தியசாலைகளும் கம்பனிகளும் இன்று இதே சங்கடத்தை வேறு வடிவங்களில் எதிர்நோக்குகின்றன. பொறி சொன்ன தீர்மானத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

ஓர் எண் ஒருவனுடைய தலைவிதியை எழுதுவது யாழ்ப்பாணத்தவராகிய எமக்குப் புதிதன்று. 1970களின் தரப்படுத்தலைப் பற்றிய பேச்சை வீட்டுத் திண்ணைகளிற் கேட்டு வளர்ந்தவர்கள் என் தலைமுறையினர். அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி முறை கையாளப்படுகிறது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது, அவ்வளவுதான். 2011ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் தோற்றினர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்தார்கள். மாணவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்க வேண்டுமென 2012இல் நீதிமன்றம் பணித்தது. வகுத்தலிற் பிழை இருக்கவில்லை. எவரை எவரோடு சேர்த்து நிறுப்பது என்று மனிதர் செய்த முடிவிலேயே பிழை இருந்தது.

இங்கிலாந்திலும் 2020இல் நோய்த்தொற்றுக் காரணமாகப் பரீட்சை நடைபெறாதபோது, ஒரு கணிப்பு முறை மாணவரின் தரங்களை வழங்கியது. ஆசிரியர்கள் மதிப்பிட்ட உயர்தரப் பெறுபேறுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 39 குறைக்கப்பட்டன. பாடசாலையின் முன்னைய பெறுபேறுகளும் கணக்கில் எடுக்கப்பட்டமையால், பின்தங்கிய பாடசாலையிற் படித்த கெட்டிக்காரப் பிள்ளை அடிபட்டது. பெறுபேறு வெளியான நான்காம் நாளே, ஆகஸ்ற் 17ஆந் தேதி, அரசாங்கம் அதைக் கைவிட்டது.

இவ்விரண்டும் செயற்கை நுண்ணறிவு அல்ல. காகிதத்திற் போட்டுக் காட்டக்கூடிய கணக்குகள். ஆகையால் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைய பொறிகளோ ஒரு விடைக்கு எவ்வாறு வந்தன என்பதை, அவற்றை ஆக்கியோரே முழுமையாக விளக்க இயலாதவை.

இக்காரணத்தால் எழுந்தவையே, பொறுப்போடு இவற்றை நிருவகிப்பதற்கான சான்றிதழ்கள். அவை இருவகை. 2023 டிசெம்பரில் சர்வதேச நியமங்கள் அமைப்பும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவும் 42001 என்னும் இலக்கமுடைய நியமத்தை வெளியிட்டன. இது நிறுவனத்துக்குரியது. பொறிகளால் யாருக்கு என்ன தீங்கு நேரலாம் என்று ஆராய்ந்து, பொறுப்பாளிகளை நியமித்து, செய்தவற்றைப் பதிவு செய்து, இடையிடையே கணக்காய்வு நடத்தவேண்டும் என்கிறது. நியமத்தை எழுதியவர்கள் சான்றிதழ் வழங்குவதில்லை. சுயாதீனமான கணக்காய்வு நிறுவனங்களே வழங்குகின்றன. மற்றது தனியாளுக்குரியது. தனியுரிமை வல்லுநர்களின் சர்வதேசச் சங்கம், செயற்கை நுண்ணறிவு ஆளுகைக்கான பரீட்சையொன்றை 2024 முதல் நடத்திவருகிறது.

சட்டங்களும் வந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஆகஸ்ற் முதலாந் தேதி அமுலுக்கு வந்து, படிப்படியாகச் செயற்படுத்தப்படுகிறது. நமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், பொறி தானாகச் செய்த தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை எழுதப்பட்டுள்ளது. அதைச் செயற்படுத்துவதில் நேர்ந்த தாமதத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

சான்றிதழென்றால் நம்மவருக்குத் தனி மோகம். முன்கூடத்துச் சுவர்களே சாட்சி. ஆகவே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திருநெல்வேலிச் சந்தையில் தராசிலுள்ள முத்திரை, வியாபாரி நாணயமானவர் என்று சொல்வதில்லை. தராசு சோதிக்கப்பட்டது என்று மாத்திரமே சொல்கிறது. ஆயினும் முத்திரையில்லாத தராசில் எவரும் மனமொப்பி வாங்கமாட்டார். இச்சான்றிதழ்களையும் நான் அவ்வளவிலேயே மதிக்கிறேன். அதைப் பெற்ற உத்தியோகத்தருக்கு, "பொறியை நிறுத்துங்கள்" என்று மேலதிகாரியிடம் சொல்லும் அதிகாரம் உண்டா என்பதையே முதலில் விசாரிப்பேன். அதிகாரமில்லாதவருக்கு அது சுவரில் மாட்டும் படமே.

எங்கள் பாடசாலையில் இப்போது எந்த நற்சான்றும், அந்த மாணவனின் வகுப்பாசிரியர் வரிக்குவரி வாசித்து ஒப்பமிட்ட பின்னரே என் மேசைக்கு வருகிறது. வேலை தாமதமாகிறதென்று முணுமுணுப்பு உண்டு. கணினி பயிற்றும் ஆசிரியை, இத்துறையிற் பயிற்சி பெறவேண்டுமென்று அண்மையில் விடுமுறைக்கு விண்ணப்பித்தார். அவருக்கான சிபார்சுக் கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். எழுத்து சற்றுக் கோணலாகவே இருந்தது.