தீவனத் தூசியும் பால் நலமும்



பாலின் தூய்மை என்றவுடன் கலப்படமே பெரும்பாலோரின் நினைவுக்கு வருகிறது. ஆனால், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டு நாடெங்கும் நடத்திய ஆய்வு வேறோர் உண்மையைப் புலப்படுத்தியது. சோதிக்கப்பட்ட 6,432 மாதிரிகளுள், உடல்நலத்துக்குக் கேடு தரும் கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் 'அப்ளடாக்சின் எம்1' என்னும் நஞ்சு, கிலோகிராமுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் 551-க்கு 88. தில்லியில் 262-க்கு 38.

இந்நஞ்சை எவரும் பாலில் கலப்பதில்லை. இது தீவனக் கிடங்கில் பிறக்கிறது. ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கிலும், பருத்திக்கொட்டையிலும், மக்காச்சோளத்திலும் 'அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ்' என்னும் பூஞ்சை வளர்ந்து அப்ளடாக்சினை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான், அவை உண்ட கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்நஞ்சு அறியப்பட்டது. பசு உண்ணும் நஞ்சில் ஒரு சிறு பங்கு, உருமாறிப் பாலில் வெளிப்படுகிறது. பாலைக் காய்ச்சுவதால் அது அழிந்துவிடுவதில்லை.

பூஞ்சை தீவனத்தோடு நின்றுவிடுவதுமில்லை. மூட்டையை உதறும்பொழுதும், வைக்கோலைக் கிளறும்பொழுதும் அதன் நுண்வித்துகள் காற்றில் பறக்கின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுடைய இவை, மூச்சுடன் நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லவை. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே சூடேறும்பொழுது, வெப்பம் விரும்பும் ஒருவகைப் பாக்டீரியாக்களும் அதில் பெருகுகின்றன. இவற்றின் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நோய்க்கு 'உழவர் நுரையீரல்' என்று பெயர். தூசி பட்ட சில மணி நேரத்துக்குப் பின்னரே காய்ச்சலும், இருமலும், மூச்சுத்திணறலும் தோன்றுவதால், இது சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணப்பட்டுவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பேறி, இழந்த மூச்சு மீள்வதில்லை.

தில்லியில் காஜிப்பூர், பல்ஸ்வா முதலிய இடங்களில் பால்பண்ணைக் குடியிருப்புகள் அமைந்துள்ளன. நெருக்கமான இத்தகைய கொட்டில்களில் கால்நடையும், தீவனமும், மனிதரும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றனர். பருவமழை தீவனத்துக்கு ஈரமூட்டுகிறது. குளிர்காலத்திலோ, பனிக்கு அஞ்சிச் சாக்குத் திரையால் கொட்டிலை அடைத்துவிடுவதால் தூசியும் சாண வாடையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

தடுக்கும் வழிகள் எளியவை. கலப்புத் தீவனத்தின் ஈரம் நூற்றுக்கு 11 பங்கை மிஞ்சலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மூட்டைகளைத் தரையில் இடாமல் மரச்சட்டங்களின்மீது, சுவரை ஒட்டாமல் அடுக்குதல் வேண்டும். பழையதை முதலில் செலவிட வேண்டும். உலர்ந்த தீவனத்தை, உண்ணக் கொடுக்கும் வேளையில் மட்டும் நீர் தெளித்துக் கையாண்டால் தூசி அடங்கும். கொட்டிலின் மேற்பகுதியில் காற்று வெளியேற வழி இருத்தல் வேண்டும். தூசியில் வேலை செய்பவர் மூக்கையும் வாயையும் நன்கு பொருந்தும் முகமூடியால் மூடிக்கொள்ளுதல் நலம். பூத்த பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் மாட்டுக்கு உரியதன்று.

2018-ஆம் ஆண்டு ஆய்வு பாலை அளந்தது. தீவனம் கொட்டுபவரின் மூச்சை அளப்பது அதன் நோக்கமன்று. எனினும் இரண்டுக்கும் கேடு வருவது ஒரே மூட்டையிலிருந்துதான். ஆகவே, பால் மாதிரி எடுக்கச் செல்லும் அலுவலர் தீவனக் கிடங்கின் கதவையும் திறந்து பார்த்தல் வேண்டும். கிடங்கு உலர்ந்திருந்தால் குழந்தையின் பாலும், பசுவின் உடலும், தொழிலாளியின் நுரையீரலும் ஒருங்கே காக்கப்படும்.