தாளினுள் உறையும் பகை



பழைய பெட்டகமொன்றைத் திறக்கின்றோம். பாட்டனார் காலத்துக் காணி உறுதியும், அதனுள் மடித்து வைத்த செய்தித்தாள் நறுக்கும் அகப்படுகின்றன. மூத்ததாகிய உறுதி வெண்மை குன்றாதிருக்கின்றது. இளையதாகிய நறுக்கோ கை பட்டவுடன் அப்பளம்போல் நொறுங்குகின்றது. நறுக்குக் கிடந்த இடத்தில் மாத்திரம், உறுதியின்மீது பழுப்புச் சதுரம் ஒன்று பதிந்துள்ளது.

இதன் காரணம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேனாட்டுக் கடதாசி பெரும்பாலும் துணிக் கந்தலினின்றே செய்யப்பெற்றது. கந்தல் போதாமற்போகவே மரக்கூழைக் கைக்கொண்டனர். மை ஊறிப் பரவாதிருத்தற்பொருட்டுப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தனர். படிகாரம் ஈரத்தோடு கூடி அமிலத்தைப் பிறப்பிக்க, அவ்வமிலம் தாளுக்கு வலிமை தரும் செலுலோசு இழைகளை அறுக்கின்றது. கறையானை விரட்டலாம், உள்ளேயே பிறந்த பகையை எங்ஙனம் விரட்டுவது?

அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் வில்லியம் பரோ என்பார் 1900 முதல் 1949 வரை அச்சான 500 நூல்களின் தாள்களை மடித்து மடித்துச் சோதித்தார். பெரும்பாலானவை அடுத்த அரை நூற்றாண்டைத் தாங்கா என்பது 1959இல் வெளிவந்த அவர்தம் முடிபு. ஆவணங்களைச் சுண்ணாம்பு நீரிலும், பின்னர் கல்சியம் இருகாபனேற்றுக் கரைசலிலும் தோய்த்து அவர் அமிலத்தை முறித்தார். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான்! ஆயினும் இது பயின்றோர் செய்யவேண்டிய வேலை. மை கரைந்தோடினால் மீட்பதற்கு வழியில்லை.

படச்சுருளின் கதை இன்னும் துயரமானது. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருளுக்கு மாற்றாக வந்த அசற்றேற்றுச் சுருளைப் பாதுகாப்புச் சுருள் என்றே அழைத்தனர். வெப்பமும் ஈரமும் மிகுந்தவிடத்து அது சிதைந்து அசற்றிக்கமிலத்தை வெளிவிடும். பேணியைத் திறந்ததும் வினாகிரி வாடை வீசும்; சுருள் சுருங்கி நெளியும். பிறந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குவதோடு, ஆவியாய்ப் பரவி அயலிலுள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். குளிர் இதனைத் தாமதப்படுத்துமேயன்றி மாற்றாது. எனவே வாடை வீசும் சுருளைப் பிரித்துவைத்து, படம் தெரியும்போதே பிரதி எடுத்தல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பெற்றபின், எம்மவர் வீடுகளில் எஞ்சிய தாள்களின் மதிப்பு முன்னையதன்று. அவற்றைச் சமையலறைப் பரணிலோ, மழைக்குக் கசியும் சுவரோரத்திலோ வைத்தலாகாது. கிழிசலுக்கு ஒட்டுநாடா வேண்டா. அதன் பசையே நாளடைவில் கறையாகும். அந்தச் செய்தித்தாள் நறுக்கையோ, உறுதியினின்றும் இன்றே எடுத்து வேறோர் உறையில் இடுங்கள்.